பொறியியல் கவுன்சலிங்: உங்கள் விண்ணப்பம் எந்த இடத்தில் சிக்கியிருக்கிறது?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து எங்கள் பள்ளிக் கணினி அறையில் எனக்கென்று ஒரு மேசை போட்டுவிடுவார்கள். அரசு மேல்நிலைப் பள்ளி. பிள்ளையோடு அப்பாவோ அம்மாவோ வருவார்கள், சில வீட்டில் பாட்டி வருவார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். "சார், ஏதோ எர்ரர்னு வருது" என்றுதான் பேச்சு தொடங்கும். அந்த 'ஏதோ' எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தமிழ்நாடு பொறியியல் மாணவர் சேர்க்கையை, அதாவது டி.என்.இ.ஏ. கவுன்சலிங்கை, 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. அதற்கு முன்பு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. 2018-ல் கவுன்சலிங் முழுவதும் ஆன்லைனுக்கு மாறியதால், அப்பாவும் பிள்ளையும் இரவு பஸ் ஏறிச் சென்னைக்குப் போகும் பாடு ஒழிந்தது. ஆனால் அங்கே எதிரில் ஒரு அலுவலர் உட்கார்ந்து, "தம்பி, இந்தச் சான்று சரியில்லை" என்று நேரில் சொல்வார். இப்போது அந்த வார்த்தை ஒரு குறுஞ்செய்தியாக வருகிறது. அதைப் பார்க்காமல் விட்டவர்கள்தான் என் மேசைக்குக் கடைசி நாளில் ஓடி வருகிறார்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தப்பு எங்கே பிறந்தது? பள்ளிப் பதிவிலா, வருவாய்த் துறை கொடுத்த சான்றிலா, நீங்கள் விண்ணப்பத்தில் தட்டியதிலா? பிறந்த இடத்தில்தான் அதைத் திருத்த முடியும். சான்றில் உள்ள பிழைக்காக டி.என்.இ.ஏ. சேவை மையத்தில் (விண்ணப்பத்துக்கு உதவும் மையம்) நாள் முழுக்க நின்றாலும் அங்கே யாரும் எதுவும் செய்ய முடியாது. விண்ணப்பத்தில் செய்த பிழைக்காகத் தாசில்தார் அலுவலகம் போவதும் அப்படித்தான்.

"ஓடிபி வரவில்லை", "உள்ளே போக முடியவில்லை"

பதிவு செய்தபோது யாருடைய கைபேசி எண்ணைக் கொடுத்தீர்கள் என்று யோசியுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி வந்தாள். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிட்டார். பதிவு, சரிபார்ப்பு, ரேங்க், சாய்ஸ் (எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்ற விருப்பப் பட்டியல்), ஒதுக்கீடு என்று நான்கு மாதத்துக்கு வரும் எல்லா ஓடிபியும் அவருக்குப் போகும். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சாய்ஸ் கொடுக்கும் நாளில் அவர் ஊரில் இல்லை.

வீட்டில் எப்போதும் இருக்கிற, ரீசார்ஜ் தீராத எண்ணைக் கொடுங்கள். வேறு எண் பதிவாகிவிட்டது என்றால் இன்னொரு விண்ணப்பம் புதிதாகத் தொடங்க வேண்டாம். ஒரே பிள்ளைக்கு இரண்டு விண்ணப்பம் என்பது பிறகு தனிச் சிக்கலாகிவிடும். விண்ணப்ப எண், மதிப்பெண் பட்டியல், அடையாள அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்துச் சேவை மையத்துக்கு நேரில் போங்கள். மாநிலம் முழுக்க நூறுக்கு மேற்பட்ட மையங்கள் உண்டு. பெரும்பாலும் அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக் வளாகங்களில் இருக்கும். கணினி தெரியாத வீட்டுப் பிள்ளைகள் விண்ணப்பத்தையே அங்கே உட்கார்ந்து போடலாம், தனிக் கட்டணம் கிடையாது.

கடவுச்சொல்லை ஃபைலின் உள்பக்கத்தில் பேனாவால் எழுதி வைப்பது என் வழக்கம். பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் திட்டுவார்கள். ஆனால் அந்த ஃபைல் பீரோவுக்குள் இருக்கப்போகிறது. மறந்துபோவதால் வரும் கஷ்டம் அதைவிடப் பெரிது.

"பணம் போய்விட்டது, ஆனால் கட்டவில்லை என்று காட்டுகிறது"

பதிவுக் கட்டணம் 500 ரூபாய். எஸ்.சி., எஸ்.சி.ஏ. (அருந்ததியர்), எஸ்.டி. பிரிவினருக்கு 250. யூபிஐயிலோ கார்டிலோ கட்டும்போது நடுவில் நெட் போனால் இப்படி ஆகும். உடனே மறுபடி கட்டாதீர்கள். வெளியே வந்து, கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் உள்ளே போய் நிலையைப் பாருங்கள். பலமுறை அதற்குள் சரியாகியிருக்கும்.

ஆகவில்லை என்றால் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுநாளும் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். முதலில் போன பணம் தொலையாது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட உத்தரவுப்படி, இப்படி நடுவில் தோற்ற யூபிஐ வணிகப் பரிவர்த்தனையின் பணத்தை, நடந்த நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள் வங்கி தானாகவே திருப்ப வேண்டும். தாமதித்தால் ஒரு நாளுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு. இதைச் சொல்லிக் கேட்கும் பெற்றோருக்கு வங்கியில் பதில் கிடைக்கிறது. கடைசி நாளில் கட்டுகிறவர்களுக்கு மட்டும் காத்திருக்க நேரமில்லை. அதனால் கட்டணத்தை மட்டுமாவது முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். ஆன்லைனே வேண்டாம் என்றால் வரைவோலை எடுத்துச் சேவை மையத்தில் கொடுக்கவும் வழி இருக்கிறது.

"மார்க் வரவில்லை", "கட் ஆஃப் தப்பாக இருக்கிறது"

மாநிலப் பாடத்திட்ட மாணவர்களின் மதிப்பெண் தேர்வுத் துறையிலிருந்து நேராக வந்து உட்காரும். வரவில்லை என்றால் பதிவெண்ணில் ஒரு இலக்கம் மாறியிருக்கும், அல்லது தேர்வு எழுதிய மாதம், ஆண்டு தப்பாக இருக்கும். ஹால் டிக்கெட்டை எடுத்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பாருங்கள். சி.பி.எஸ்.இ. மாணவர்கள் மதிப்பெண்ணைத் தாங்களே தட்ட வேண்டியிருப்பதால், அங்கே தியரியும் பிராக்டிக்கலும் சேர்ந்த மொத்தத்தைப் போடாமல் தியரியை மட்டும் போட்டுவிடுகிறார்கள்.

கட் ஆஃப் கணக்கு எளிது. கணக்குப் பாட மதிப்பெண் 100-க்கு அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. மொத்தம் 200. கணக்கு 91, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 91 + 42 + 44 = 177. தமிழும் ஆங்கிலமும் இதில் சேராது. 'என் பிள்ளை 600-க்கு 560 வாங்கியிருக்கிறான், கட் ஆஃப் ஏன் இவ்வளவு குறைவு' என்று கேட்கும் பெற்றோருக்கு நான் இதைத்தான் பேப்பரில் போட்டுக் காட்டுவேன்.

'என் தோழிக்கும் எனக்கும் ஒரே 177, அவள் ரேங்க் மட்டும் எப்படி முன்னால் போனது' என்பது இன்னொரு கேள்வி. தோழி கணக்கில் 93, இயற்பியலில் 80, வேதியியலில் 88 எடுத்திருந்தால் அவளுக்கும் 177-தான் வரும். சமமாக வரும்போது முதலில் கணக்கைப் பார்ப்பார்கள், அதனால் 93 முன்னால் போகும். அதுவும் சமமானால் இயற்பியல், பிறகு விருப்பப் பாடம், பிறகு பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம், பிறந்த தேதி. பிறந்த தேதியில் மூத்தவருக்கு முன்னுரிமை. எல்லாமே சமமாக இருந்தால்தான் சமவாய்ப்பு எண்ணுக்கு (ரேண்டம் நம்பர்) வேலை. பத்து இலக்கம் உள்ள அந்த எண் வெளியாகும் நாளில், 'எனக்குச் சின்ன நம்பர் வந்துவிட்டது' என்று ஒரு பையன் அழுதே விட்டான். பெரிய எண்ணுக்கு முன்னுரிமை என்பது உண்மைதான். ஆனால் அது கடைசிப் படியில் மட்டும். முன்னால் இருக்கும் ஆறு படியையும் தாண்டி அங்கே வந்து நிற்பவர்கள் மிகக் குறைவு.

மறுகூட்டல், மறுமதிப்பீட்டில் மதிப்பெண் மாறியிருந்தால் அது விண்ணப்பத்திலும் மாறிவிட்டதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். மாறவில்லை என்றால் சேவை மையத்தில் சொல்ல வேண்டும். ஒரு மதிப்பெண்தானே என்று விடாதீர்கள். நடுத்தரக் கட் ஆஃபில் அரை மதிப்பெண்ணுக்குள்ளேயே பெருங்கூட்டம் நிற்கும்.

'தகுதி இல்லை' என்று வந்தால்: கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றின் சராசரி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், மற்றப் பிரிவுகளுக்கு 40 சதவீதம் வேண்டும். அதற்குக் கீழே என்றால் கவுன்சலிங்கில் வழி இல்லை. பிரிவு தப்பாகப் பதிவாகியிருந்தாலும் இந்தச் செய்தி வரும். 42 சதவீதம் எடுத்த பி.சி. மாணவர் ஓ.சி. (பொதுப் பிரிவு) என்று பதிவாகியிருப்பார். அதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள்.

"ஓ.சி. என்று காட்டுகிறது", "சாதிச் சான்று ஏற்கப்படவில்லை"

தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. இந்தப் பிரிவு ஒன்று தவறினால் ரேங்க் ஆயிரக்கணக்கில் தள்ளிப்போகலாம். நான் பார்த்த காரணங்களை அடிக்கடி வரும் வரிசையில் சொல்கிறேன்.

அதிகம் நடப்பது, வேறு சான்றைப் பதிவேற்றுவது. மத்திய அரசுக் கல்லூரிகளுக்காக வாங்கிய ஓ.பி.சி. சான்று ஒன்று வீட்டில் இருக்கும். புதிதாக இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடுகிறார்கள். டி.என்.இ.ஏ.-வுக்குத் தேவை மாநில அரசின் நிரந்தரச் சாதிச் சான்று. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்குப் போட்ட ஃபைலை அப்படியே இங்கே போடும் குடும்பங்கள் இதில் மாட்டிக்கொள்கின்றன. ஈ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்) சான்றும் அப்படித்தான். மாநில ஒதுக்கீட்டில் அந்தப் பிரிவே கிடையாது.

அடுத்தது, அப்பாவின் சான்றைப் போடுவது. சான்று மாணவர் பெயரில் இருக்க வேண்டும். வெளிமாநிலத்தில் வாங்கிய சாதிச் சான்று இங்கே செல்லாது, அதை வைத்திருப்பவர் ஓ.சி. ஆகிவிடுவார். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பத்துப் பிள்ளைகள் இங்கே பி.சி. பிரிவில் வருவார்கள். சான்றில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், வீட்டில் சொல்லிப் பழகியதை இல்லை. சில சாதிகளுக்கு மாவட்டத்தைப் பொறுத்துப் பிரிவு மாறும் என்பதால் இதில் பழக்கத்தை நம்பக் கூடாது.

சான்றே இல்லை, அல்லது சான்றில் பெயர் தப்பு என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு சான்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகம் போகும். எஸ்.டி. சான்று மட்டும் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கொடுப்பது, அதற்குக் கள விசாரணையும் உண்டு, நாள் பிடிக்கும். மலைக் கிராமத்துப் பிள்ளைகளிடம் நான் பிளஸ் ஒன் படிக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்கிறேன். முடிவு வந்த பிறகு தொடங்கினால் எட்டாமல் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் இருந்தும், சாதி உண்மையாக இருந்தும், ஒரு காகிதம் வராததால் அந்த ஆண்டு போயிற்று. அந்த முகங்கள் மறக்காது.

பெயர் பற்றி ஒரு விஷயம். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், சான்றில் பின்னால் என்பதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். சரிபார்ப்பவர்களும் தமிழ்நாட்டுக்காரர்கள்தான். பெயரின் எழுத்தே வேறாக இருந்தால், அப்பா பெயர் மாறியிருந்தால், அப்போது திருத்தித்தான் ஆக வேண்டும். பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள். தேர்வுத் துறை ஆவணத்தைத் திருத்துவதைவிட வருவாய்த் துறைச் சான்றைப் புதிதாக வாங்குவது எளிது.

"7.5 சதவீதத்தில் என் பெயர் இல்லை"

என் மனசுக்கு மிக நெருக்கமான பகுதி இது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத முன்னுரிமை இடம், நீதியரசர் டி. முருகேசன் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 2021-ல் சட்டமானது. அந்த இடங்களில் சேரும் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. எங்கள் பள்ளியிலிருந்து கட்டடத் தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு ரூபாய் கல்விக் கட்டணம் கட்டாமல் பொறியியல் முடித்துவிட்டு வந்து நின்றபோது ஆசிரியர் அறையில் எல்லோரும் எழுந்து நின்றோம். அதனால் இந்தச் சலுகை எழுத்துப் பிழையால் ஒரு பிள்ளைக்குக்கூடத் தவறக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

விதி இது: 6 முதல் 12 வரை ஏழு ஆண்டும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளி அடங்காது. தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் 8 வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் உரிமை உண்டு. பலருக்கு இது தெரியாது. கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

உரிமை இருந்தும் பட்டியலில் வராததற்கு நான் பார்த்த காரணங்கள் மூன்று. ஒன்று, விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று தட்டியிருப்பார்கள். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' தட்டிக்கொண்டே போகும் பழக்கம். இரண்டு, எமிஸ் பதிவில் (பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேடு) ஏதோ ஒரு ஆண்டு வேறு பள்ளியின் பெயரில் கிடக்கும். பிள்ளை ஆறாம் வகுப்பில் ஒரு மாதம் உதவிபெறும் பள்ளியில் இருந்துவிட்டு இங்கே மாறியிருப்பான், மாற்றம் பதிவாகியிருக்காது. மூன்று, வகுப்பு வாரியாகப் பள்ளி விவரம் நிரப்பும்போது ஒன்றைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

முதலாவதும் மூன்றாவதும் விண்ணப்பத்தில் பிறந்தவை, சேவை மையத்தில் சரியாகும். இரண்டாவது எமிஸில் பிறந்தது. தலைமை ஆசிரியரிடம் போங்கள். பழைய பள்ளியிலும் ஒரு சான்று வாங்க வேண்டியிருக்கலாம். படிப்புச் சான்றை ஏழு வகுப்புக்கும் சேர்த்துக் கையெழுத்தோடு முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சக ஆசிரியர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: பிளஸ் டூ வகுப்பில் டிசம்பர் மாதமே ஒரு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையின் எமிஸ் வரலாற்றையும் திறந்து பாருங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பிற்பகல் போதும்.

"முதல் பட்டதாரிச் சலுகை வரவில்லை"

தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டதாரி இல்லை என்றால் கிடைக்கும் கல்விக் கட்டணச் சலுகை இது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணன் ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்டார் என்றால் தம்பிக்கு இல்லை. இதற்காகப் பொய் சொல்லாதீர்கள், சான்று ரத்தானால் பணத்தைத் திருப்பிக் கட்டும் நிலை வரும்.

சான்று இருந்தும் வரவில்லை என்றால், கூட்டு உறுதிமொழிப் படிவத்தைப் பாருங்கள். சான்றை மட்டும் போட்டுவிட்டு மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் அந்தப் படிவத்தை விட்டுவிடுகிறார்கள். கவுன்சலிங் வழியாகச் சேர்ந்த இடத்துக்கு மட்டுமே சலுகை, மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது.

7.5 சதவீத உரிமை உள்ள பிள்ளைகளும் இதைக் கேட்டு வையுங்கள். பொது ஒதுக்கீட்டில் இடம் பிடித்தால் அப்போது கைகொடுக்கும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்றால் வருமானச் சான்றும் எடுத்து வையுங்கள், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு அதுதான் ஆதாரம்.

"இருப்பிடச் சான்று கேட்கிறது"

8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் இது தேவையில்லை. இடையில் ஒரு வகுப்பு பெங்களூரிலோ மும்பையிலோ படித்திருந்தாலும் வேண்டும். அப்பா வேலைக்காக வெளியூர் போய்த் திரும்பிய குடும்பங்கள் கவனியுங்கள். பூர்வீகம் தமிழ்நாடு என்பதற்கான சான்றை இ-சேவை மூலமே வாங்கலாம்.

"சான்றிதழ் திருப்பி அனுப்பப்பட்டது"

பெரும்பாலும் படம் தெளிவாக இல்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. ஜெராக்ஸைப் படம் எடுக்காமல் அசலை, பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் எடுங்கள். பின்பக்கத்தில் ஒரு முத்திரை இருந்தால் அதையும் சேருங்கள். திரும்பப் பதிவேற்றிய பின் திறந்து படித்துப் பாருங்கள். உங்களால் படிக்க முடிந்தால் அவர்களாலும் முடியும்.

"தரவரிசைப் பட்டியலில் பெயர் இல்லை" அல்லது "ரேங்க் எங்கேயோ போய்விட்டது"

பட்டியல் வந்த பிறகு குறை சொல்ல சில நாள்தான் கொடுப்பார்கள். அந்த நாள்களுக்குள் சேவை மையம் போயாக வேண்டும். அதன் பிறகு பட்டியலைத் தொட மாட்டார்கள். பொது ரேங்க், பிரிவு ரேங்க் என்று இரண்டு இருக்கும், அரசுப் பள்ளி மாணவருக்கு மூன்றாவதாக ஒன்று. பொது ரேங்க் எண் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பதறாமல், பிரிவு ரேங்க் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அது காலியாக இருந்தால் மேலே சொன்ன சாதிச் சான்றுப் பிழைதான்.

"என்னைவிடப் பின்னால் இருப்பவனுக்கு அந்தக் கல்லூரி கிடைத்துவிட்டது"

இதற்கு மட்டும் எந்த அலுவலகத்திலும் மருந்து கிடையாது. சாய்ஸ் பட்டியலில் நீங்களே செய்த வரிசைதான் காரணம். அதனால் முன்பே விளங்கிக்கொள்ள வேண்டும்.

கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து பார்க்கிறது. முதல் சாய்ஸ் காலியாக இருந்தால் அதைக் கொடுத்து முடித்துவிடும். இல்லையென்றால் இரண்டாவது, மூன்றாவது. உங்களுக்கு முன்னால் இருப்பவர் எல்லாம் எடுத்த பிறகு மீதி இருப்பதில், உங்களுக்கு மிகப் பிடித்தது எதுவோ அது கிடைக்கும். கிடைக்காத ஒன்றை முதலில் எழுதியதால் கீழே உள்ளது உங்கள் கையைவிட்டுப் போகாது.

இதை நம்பாமல், 'எப்படியும் இது வந்துவிடும்' என்று வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியை மேலே போட்ட மாணவன் ஒருவனை எனக்குத் தெரியும். அது வந்தது. அவன் மூன்றாவதாக எழுதியிருந்த அரசுக் கல்லூரியில் அவனுக்கு மிகப் பிடித்த பாடப்பிரிவு அவனைவிட இருநூறு ரேங்க் பின்னால் இருந்த வகுப்புத் தோழனுக்குப் போயிற்று. கணினி செய்தது சரிதான், அவன் கேட்டதைத்தான் கொடுத்தது. ஆசைப்படும் வரிசையிலேயே எழுதுங்கள். கிடைக்குமா என்ற கணக்கைக் கணினியிடம் விட்டுவிடுங்கள்.

பட்டியல் நீளமாக இருக்கட்டும். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்கிறபோது ஒன்பதோடு நிறுத்துவதற்குக் காரணமே இல்லை. நூறு எழுதினாலும் தப்பில்லை, ஆனால் வந்தால் சேர மாட்டேன் என்பதை எழுதாதீர்கள்.

கல்லூரியைப் பெயரை வைத்துத் தேடாமல் கவுன்சலிங் கோடு எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன. 'அண்ணா பல்கலைக்கழகம்' என்ற சொல்லிலேயே பலர் ஏமாறுகிறார்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் கோடு 1, ஏ.சி. டெக் 2, குரோம்பேட்டை எம்.ஐ.டி. 4. இவை பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள். இதற்கு வெளியே விழுப்புரம், பண்ருட்டி, பட்டுக்கோட்டை, நாகர்கோவில் போன்ற ஊர்களில் அதன் உறுப்புக் கல்லூரிகளும் உண்டு. மற்ற நூற்றுக்கணக்கான தனியார் கல்லூரிகள் இணைப்புப் பெற்றவை. சான்றிதழில் பல்கலைக்கழகப் பெயர் ஒன்றுதான், கட்டணமும் கற்பித்தலும் வேறு. அரசு உதவிபெறும் கல்லூரிகளில் பாடப்பிரிவின் பெயருக்குப் பின்னால் 'எஸ்.எஸ்.' என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. கட்டணம் கூடும். கல்லூரி வாசலில் போய் நின்ற பிறகு இதைத் தெரிந்துகொண்ட அப்பாக்கள் இருக்கிறார்கள்.

"ஒதுக்கீடு வந்தது, பிறகு காணாமல் போய்விட்டது"

முதலில் வருவது தற்காலிக ஒதுக்கீடு. இரண்டு நாளுக்குள் உள்ளே போய் உங்கள் முடிவைச் சொல்லியாக வேண்டும். சும்மா இருந்தால் இடம் போய்விடும். அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இதைவிட வலிக்கிற தவறு வேறில்லை.

திரையில் 'அக்செப்ட் அண்ட் ஜாயின்' என்றால் இதுவே போதும், சேர்கிறேன். 'அக்செப்ட் அண்ட் அப்வேர்டு' என்றால் இது என் கையில் இருக்கட்டும், பட்டியலில் இதற்கு மேலே எழுதியது காலியானால் அங்கே மாற்றுங்கள். கையில் உள்ளது பறிபோகும் என்ற பயம் வேண்டாம், மேலே கிடைத்தால்தான் கீழே உள்ளது விடும். இதைத் தேர்ந்தெடுத்தவர் குறித்த நாளுக்குள் சேவை மையத்தில் பணம் கட்ட வேண்டும், அதை மறந்தால்தான் ஆபத்து. 'டிக்ளைன்' என்று தொடங்கும் எதையும் வீட்டில் பேசாமல் தொடாதீர்கள்.

"எதுவுமே கிடைக்கவில்லை"

அடுத்த சுற்றில் பட்டியலை நீட்டி எழுதுங்கள். அதற்கும் பிறகு துணைக் கவுன்சலிங் உண்டு. பிளஸ் டூ துணைத் தேர்வில் தேறியவர்களும் அதில் வரலாம்.

இன்னொரு விண்ணப்பத்தையும் தொடக்கத்திலேயே போட்டு வையுங்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவு 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவருக்கு அந்த 2 ரூபாய் மட்டும். என்னிடம் வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டையும் ஒரே நாளில் போட்டுவிடுகிறேன். பொறியியல் தள்ளிப்போகும்போது, கையில் ஒரு கல்லூரி இருக்கிற பிள்ளை நிதானமாகச் சாய்ஸ் எழுதுகிறது.

"கல்லூரியில் எல்லா அசலையும் வாங்கிக்கொண்டார்கள், இப்போது வேறு எதற்கும் காட்ட ஒன்றும் இல்லை"

புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும், உதவித்தொகைக்கும், வங்கிக் கடனுக்கும் இதே சான்றுகளைத்தான் கேட்பார்கள். சேரப் போகும் முன் டி.சி., மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்று எல்லாவற்றையும் பத்து நகல் எடுத்து, கைபேசியிலும் தெளிவாக ஒரு படம் எடுத்து, அம்மாவின் கைபேசிக்கும் அனுப்பி வையுங்கள். எதைக் கொடுத்தாலும் எந்த எந்த அசலைக் கொடுத்தோம் என்று எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீதையும் அதே பிளாஸ்டிக் ஃபைலில் வையுங்கள்.